சித்திக்கு, மாத்திரையை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டு

அன்புள்ள சித்திக்கு,

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைப் பத்து நாளாக விட்டுவிட்டீர்கள் என்று தம்பி நேற்று போனில் சொன்னான். "படபடப்புதான் போய்விட்டதே, இனி எதற்கு?" என்றீர்களாம். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆறு வருடமாக நானும் இதே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு, அதாவது இதயம் தாளம் தவறித் துடிக்கும் நோயோடு இருப்பவள் என்பதால் எழுதுகிறேன்.

கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வையுங்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எனக்கு டப், டப் என்று வந்து சற்று நிற்கும், அப்புறம் டப்டப் என்று ஓடும். எந்தத் தாளத்திலும் சேராது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 350 தடவைக்கும் மேல் நடுங்குகின்றன. அத்தனையும் கீழே இறங்கினால் உடம்பு தாங்காது. நடுவில் இருக்கும் கணு ஒன்று வடிகட்டி, மிச்சத்தைத்தான் கீழறைகளுக்கு விடுகிறது. நீங்கள் போடும் மெட்டோப்ரோலால் அந்தக் கணுவை இன்னும் நிதானப்படுத்துகிறது. படபடப்பு அடங்கியது அதனால்தான். மேலறை இப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கலாம்.

நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும். இடது மேலறையோடு ஒட்டிய சின்னப் பை ஒன்றில்தான் பெரும்பாலும் ரத்தக்கட்டி உருவாகும். அது நழுவி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு. படபடப்பு தெரியாமல் இருப்பதால் அது குறைந்துவிடாது சித்தி.

ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரை கேட்டீர்களாமே. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் உங்கள் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது. ருமாட்டிக் வால்வு நோயோடு இந்தத் தாளம் தவறிய துடிப்பும் இருப்பவர்களுக்கு, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே போடும் வார்ஃபரின் வகைதான் மேல் என்று 2022ல் வெளிவந்த பெரிய ஆய்விலும் தெரிந்தது. அதனால்தான் டாக்டர் மாற்றவில்லை.

ஈறில் ரத்தம் வந்ததைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். எனக்கும் வந்தது. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு ஒரு வலிமாத்திரை போட்டேன். நாலாம் நாள் தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றியிருந்தது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையில், 2லிருந்து 3க்குள் இருக்க வேண்டிய எண் 5ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையின் அளவைக் குறைத்து, ஒரு வாரத்தில் சரிக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து எந்த மாத்திரையானாலும் கேட்காமல் போடுவதில்லை. கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்றாலும் அதை விட்டுவிட வேண்டாம். ஒரு வாரம் தினமும், மறுவாரம் சுத்தமாக இல்லை என்று மட்டும் ஆக்காதீர்கள்.

வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108 என்று தம்பியிடமும் சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்கே டாக்டரிடம் போன் பண்ணி, பத்து நாள் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போட்டுவிடாதீர்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போது நானும் கூட வருகிறேன்.

உங்கள் அக்கா மகள்