ஓட்டு எண்ணிக்கையை மறைத்து வையுங்கள்

மென்பொருள் மாநாட்டுத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். பேச விரும்புகிறவர்கள் அனுப்பும் முன்மொழிவுகளை இணையத்தில் பட்டியலிட்டு, இந்த ஆண்டும் பேச்சாளர்களைப் பொது ஓட்டெடுப்பில்தான் தேர்ந்தெடுக்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன முறை நான் போட்ட மூன்று ஓட்டில் இரண்டு, விவரத்தைப் படிக்காமலே போட்டவை. "அண்ணே, லிங்க்ல போய் ஒரு ஓட்டு போட்டு விடுங்க" என்று கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஜூனியர் ஒருவர் கேட்டார். டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டேன். இன்னொன்று ஏற்கெனவே நூறு ஓட்டைத் தாண்டி உச்சியில் நின்றது. இத்தனை பேர் போட்டிருக்கிறார்களே, நல்லதாகத்தான் இருக்கும் என்று நானும் ஒன்று போட்டேன்.

பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஈரோட்டுக்காரர் ஒருவரின் முன்மொழிவு கிடந்தது. ஜவுளிக்கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் எழுதுகிறவர். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால், பாதியில் நின்ற பில் திரும்பவும் பதிவாகி ஸ்டாக் கணக்கைக் குழப்பும். அதை எப்படிச் சரிசெய்தார் என்று பேச வந்தார். நான் அதைப் பார்த்தபோது ஓட்டெடுப்பு முடிந்திருந்தது. ஒன்பது ஓட்டு! மேடையிலோ, யூடியூபில் ஏற்கெனவே கிடக்கும் உரையையே ஒரு பிரபலம் மறுபடி நிகழ்த்திவிட்டுப் போனார்.

ஓட்டே கூடாது என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் ஆஸ்டினில் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட் என்ற இசை, சினிமா, தொழில்நுட்ப விழாவில் 'பேனல்பிக்கர்' என்ற பெயரில் இதே முறை உண்டு. ஆனால் அங்கே பல ஆண்டுகள் பொதுமக்கள் ஓட்டுக்கு 30 சதவீத மதிப்புதான் இருந்தது; ஆலோசனைக் குழுவுக்கு 40, விழா ஊழியர்களுக்கு 30. நீங்கள் முழுச் சாவியையும் ஓட்டிடமே கொடுத்துவிட்டீர்கள்.

அதைவிட என்னை உறுத்துவது, ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் பளிச்சென்று தெரியும் அந்த எண். 2006-இல் 'சயின்ஸ்' இதழில் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். யாரும் அதிகம் கேட்டிராத 48 பாடல்கள், கேட்டவர்கள் 14,000 பேருக்கு மேல். சிலருக்குப் பாடல்களை மட்டும் காட்டினார்கள். மற்றவர்களை எட்டுக் கூட்டமாகப் பிரித்து, தங்கள் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கிக்கொண்டார்கள் என்பதையும் காட்டினார்கள். எண்ணைப் பார்த்த கூட்டங்களில் முன்னுக்கு வந்தவை மேலும் மேலும் ஏறின; எந்தப் பாட்டு ஏறும் என்பதோ கூட்டத்துக்குக் கூட்டம் மாறியது. மிக நல்ல பாட்டு அவ்வளவாகத் தோற்கவில்லை, மிக மோசமானதும் அவ்வளவாக ஜெயிக்கவில்லை. நடுவில் இருந்தவை என்னவாகும் என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அதிலும் அதிகம் பதிவிறக்கியதை மேலே வைத்து வரிசைப்படுத்தியபோது இடைவெளி இன்னும் கூடியது. உங்கள் பக்கமும் அப்படித்தானே அடுக்கிக் காட்டுகிறது?

அதனால் ஓட்டெடுப்பு முடியும்வரை எண்ணிக்கையை மறைத்துவிடுங்கள். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் வரிசை மாறி வரட்டும். உங்கள் நிரலாளருக்கு அது அரை நாள் வேலைகூட இருக்காது. வாட்ஸ்அப் சிபாரிசை இது நிறுத்தாது, சரி. அதற்கு ஒரே வழி, இறுதி முடிவுக்கு முன் எல்லா முன்மொழிவுகளையும் நீங்கள் உட்கார்ந்து படிப்பதுதான், ஒன்பது ஓட்டு வாங்கியதையும் சேர்த்து.

படிக்க ஆள் போதவில்லை என்றால் நாற்பதை என் பங்காக அனுப்புங்கள். இந்த முறை டீயை ஓரமாக வைத்துவிட்டுப் படிக்கிறேன்.

இப்படிக்கு,
போன ஆண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவன்