நிலத்தடியில் தேடும் ரோபோ குழுக்களுக்குச் சோதனைக் களம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விழா நாள்களில் டிரோன்கள் இரவு வானில் ஒளிக்கோலம் போடும் படங்களைத் தங்கள் நாளிதழ் அவ்வப்போது முதல் பக்கத்தில் வெளியிட்டு, அவற்றைத் தாமாகவே ஒருங்கிணைந்து இயங்கும் ரோபோ கூட்டம் என்று எழுதி வருகிறது. 2022 ஜனவரி 29 அன்று தில்லி விஜய் சௌக்கில் பாசறை திரும்பும் நிகழ்ச்சியின்போது 1,000 டிரோன்கள் பறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து நானும் மகிழ்ந்தேன். அதற்காக உழைத்த இளைஞர்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் அத்தகைய காட்சிகளில், எந்த நொடியில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது பொதுவாக முன்கூட்டியே கணிக்கப்பட்டு ஒவ்வொரு டிரோனிலும் ஏற்றப்பட்டுவிடுகிறது. தலைக்கு மேல் செயற்கைக்கோள் இருக்கிறது, தரையில் கட்டுப்பாட்டு நிலையம் இருக்கிறது, குறுக்கே ஒரு சுவர்கூட இல்லை. தாமே முடிவெடுக்கும் ரோபோக்கள் பலவற்றை ஒரே வேலையில் சேர்ந்து ஈடுபடச் செய்யும் ஆராய்ச்சி இதிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. அந்த வேறுபாட்டைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவும், அந்த ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் எது குறைகிறது என்று எனக்குப் படுவதை எடுத்துரைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கோலார் தங்கவயலில் 1978 முதல், சுரங்கம் மூடப்பட்ட 2001 பிப்ரவரி வரை நிலத்தடியில் வேலை பார்த்தவன் நான். அதில் பதினோரு ஆண்டுகள் மீட்புக் குழுவிலும் இருந்தேன். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய அந்தச் சுரங்கங்களில், அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சரிவது எங்களுக்குப் பழகிப்போன ஆபத்து. சரிவுக்குப் பின் உள்ளே போகும்போது ஐந்து பேராகத்தான் போவோம். நல்ல காற்று வரும் கடைசி இடத்தைத் தளமாக வைத்து, அங்கே ஆள் நிறுத்திவிட்டு, டெலிபோன் கம்பியை இழுத்துக்கொண்டே முன்னேறுவோம். கம்பி அறுந்தால் என்ன செய்வது, எவ்வளவு நேரத்துக்குள் திரும்புவது என்பதெல்லாம் கிளம்பும் முன்பே பேசி வைத்ததாக இருக்கும். தேடி முடித்த ஒவ்வொரு முனையிலும் குழுத் தலைவர் சாக்கட்டியால் தம் பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் பாறையில் எழுதுவார். பின்னால் வரும் குழு அந்த எழுத்தின்மேல் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, அங்கே நேரத்தைச் செலவிடாமல் வேறு கிளைக்குள் நுழைந்துவிடும். யார் எங்கே தேடி முடித்தார்கள், அடுத்து யார் எங்கே போவது, பேச்சுத் தொடர்பு அறுந்துபோனால் என்ன செய்வது என்னும் இந்த மூன்றையும்தான் இன்று ரோபோக்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆராய்ச்சியாளர்கள் படாத பாடு படுகிறார்கள்.

இதற்கு நான் அறிந்த நல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு 2018-இல் தொடங்கிய நிலத்தடிப் போட்டியாகும். அதன் முதல் சுற்று 2019 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் அருகே ஆராய்ச்சிக்கென்றே வைத்திருக்கும் சுரங்கங்களிலும், அடுத்த சுற்று 2020 பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்தில் கட்டி முடிக்காமல் கைவிடப்பட்ட ஓர் அணுமின் நிலையத்திலும் நடைபெற்றன. இறுதிச் சுற்று 2021 செப்டம்பரில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், முன்பு சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த ஒரு சுரங்கத்தில் நடந்தது. உள்ளே 40 இலக்குகள் வைக்கப்பட்டிருந்தன. உடல் சூட்டோடு கிடக்கும் மனிதப் பொம்மை, செல்போன், முதுகுப்பை, தலைக்கவசம், கயிறு, ஓரிடத்தில் தேங்கி நிற்கும் கரியமில வாயு என்று சிக்கிக்கொண்டவர்களைத் தேடிப் போகிறவனுக்குத் துப்புத் தரக்கூடியவை அவை. ஒரு மணி நேரத்துக்குள் ரோபோக்கள் அவற்றைக் கண்டுபிடித்து, கிடக்கும் இடத்தை 5 மீட்டருக்கு மேல் பிசகாமல் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து மேற்பார்வை செய்ய ஒரு குழுவுக்கு ஒரே ஒரு மனிதர்தான் அனுமதிக்கப்பட்டார். நான்கு கால் ரோபோக்களையும் பறக்கும் ரோபோக்களையும் சேர்த்து அனுப்பிய செர்பரஸ் குழுவும், ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் குழுவும் ஆளுக்கு 23 புள்ளிகள் பெற்றன. சமநிலையை முறிக்கும் விதிப்படி செர்பரஸ் முதலிடம் பெற்று 20 லட்சம் டாலர் பரிசை வென்றது. மூன்றாண்டு உழைப்புக்குப் பின்னும், முதலிரண்டு இடங்களைப் பிடித்த குழுக்களுக்கே நாற்பதில் இருபத்து மூன்றுதான் கைக்கு எட்டின என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

ஏன் இவ்வளவு கடினம் என்பது நிலத்தடியில் நின்றவர்களுக்கு உடனே புரியும். அங்கே ஜி.பி.எஸ். கிடையாது. ரேடியோ அலை இரண்டு திருப்பம் தாண்டுவதற்குள் மங்கிவிடும். ரோபோக்கள் போகும் வழியெல்லாம் சிறு ரேடியோ பெட்டிகளைக் கீழே போட்டுக்கொண்டே போகின்றன. நாங்கள் இழுத்துச் சென்ற டெலிபோன் கம்பியின் வேலையை அந்தப் பெட்டிகள் செய்கின்றன. கையிருப்புப் பெட்டிகள் தீர்ந்த பிறகும் சுரங்கம் நீண்டுகொண்டே இருந்தால், ரோபோ தனித்துத்தான் போக வேண்டும். இன்னும் சற்று தூரம் போனால் யாரேனும் கிடைக்கலாம். ஆனால் பேட்டரி தீர்ந்து அங்கேயே நின்றுவிட்டால், அதுவரை கண்டதும் சேர்ந்தே புதைந்துவிடும். தொடர்பு கிடைக்கும் இடத்துக்கு எப்போது திரும்பி வந்து கண்டதைச் சொல்வது என்பதை அதுவே தீர்மானிக்க வேண்டும். எங்கள் குழுத் தலைவர்கள் ஆக்சிஜன் மீட்டரைப் பார்த்தபடி எடுத்த முடிவும் இதுவே என்பதால், இந்த ஆராய்ச்சியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

இதைவிடக் கடினமானது வரைபடம். ஒவ்வொரு ரோபோவும் லேசர் கதிரைச் சுற்றிலும் வீசித் தூரத்தை அளந்து, தான் எங்கே இருக்கிறோம் என்பதைக் கணித்தவாறே வழியை வரைகிறது. கால் வழுக்கும்போதோ புழுதி மறைக்கும்போதோ ஏற்படும் சிறு பிழை, அடிக்கு அடி சேர்ந்து, சில நூறு மீட்டருக்குள் பெரும் பிசகாகிவிடும். இரண்டு ரோபோக்களின் வரைபடங்களை ஒன்றோடொன்று பொருத்தினால் அந்தப் பிசகைத் திருத்தலாம். ஆனால் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் இரண்டு வெவ்வேறு பாதைகளை ஒன்றென்று கருதித் தவறாகப் பொருத்திவிட்டால், குழு முழுவதின் வரைபடமும் கோணிவிடுகிறது. தனியாக இருந்தபோது சரியாக வரைந்த ரோபோவும், கூட்டாளியின் தவற்றால் வழி தவறுகிறது. எனவே, சந்தேகமான பொருத்தத்தை ஏற்க மறுக்கும் பக்குவத்தை ரோபோவுக்குக் கொடுப்பது தனி ஆராய்ச்சித் துறையாகவே வளர்ந்திருக்கிறது.

வேலையைப் பிரிப்பதற்கு வழிகள் பல இருக்கின்றன. பார்த்த இடமும் பாராத இடமும் சந்திக்கும் எல்லையைக் கண்டு அதை நோக்கிப் போவது 1997-இல் ஆராய்ச்சியாளர் பிரையன் யமௌச்சி முன்வைத்த முறை. ஒரு வேலையை ஏலம் விட்டு, அதைக் குறைந்த செலவில் முடிக்கக்கூடிய இயந்திரத்திடம் ஒப்படைப்பது 1980-இல் ரீட் ஸ்மித் கணினிகளுக்காக வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது. தலைமையே இல்லாமல், பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்த்து இயங்கச் செய்வதும் உண்டு. இந்தியாவில் வளர்ந்த ராதிகா நாக்பாலும் மைக்கேல் ரூபென்ஸ்டைனும் ஹார்வர்டில் 2014-இல் நாணயம் அளவேயான 1,024 ரோபோக்களை அவ்வாறு தாமாகவே நட்சத்திர வடிவில் அணிவகுக்கச் செய்தார்கள். ஓர் உருவம் அமையப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆயிற்று. சமதளமான பரப்பின்மேல் அவ்வளவு நேரம் என்றால், சேற்றிலும் கற்குவியலிலும் எவ்வளவு ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். 2023 நவம்பர் 12 அன்று உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதை சரிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். குழாய் வழியே கேமராவை நுழைத்து அவர்களின் முகங்களைக் காண முடிந்தது 21-ஆம் தேதிதான். துளையிடும் இயந்திரம் உடைந்து நின்ற இடத்திலிருந்து, குறுகலான வளைக்குள் தோண்டிப் பழகிய எலிவளைத் தொழிலாளர்கள் கையால் தோண்டி, பதினேழாம் நாள் அவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். 2025 பிப்ரவரி 22 அன்று தெலங்கானாவில் கால்வாய்க்கான சுரங்கப்பாதை இடிந்தபோது சிக்கிய எட்டுப் பேரில் ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை. உள்ளே போகும் மீட்புப் பணியாளர்களின் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் அங்கே ரோபோக்கள் வரவழைக்கப்பட்டன. விபத்து நடந்த பிறகு, முன்பின் பழகாத சேற்றில், முதன்முறையாக ஒரு கருவியை இறக்கிப் பார்ப்பது மீட்புப் பணிக்கு எவ்வளவு பொருந்தும் என்று நான் கேட்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஆளை ஒத்திகை பார்க்காமல் நாங்கள் ஒருநாளும் உள்ளே அனுப்பியதில்லை.

நம்மிடம் அறிவுக்கோ பணத்துக்கோ அடியோடு பஞ்சம் என்று சொல்ல முடியாது. 2018 டிசம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த 3,660 கோடி ரூபாய்த் திட்டத்தின் கீழ் 25 ஆராய்ச்சி மையங்கள் அமைந்தன. ரோபோ ஆராய்ச்சிக்காகப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆர்ட்பார்க் மையமும், சுரங்கத் தொழில்நுட்பத்துக்காகத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் டெக்ஸ்மின் மையமும் அவற்றில் அடங்கும். இவ்விரு மையங்களும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு நிலத்தடிச் சோதனையை நடத்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ரயில்வேக்கும் நீர்மின் திட்டங்களுக்கும் தோண்டப்படும் சுரங்கப்பாதைகளில், வேலை நிற்கும் நாள்களில், ஒரு பகுதியை மாணவர்களுக்குத் திறந்துவிடலாம். எங்கள் தங்கவயல் சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பிவிட்டதால் அவை இதற்குப் பயன்படா என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். எந்த ரோபோ எங்கே வழி தவறியது, எந்த வரைபடம் ஏன் கோணியது என்பதையும் வெற்றிகளோடு சேர்த்து வெளியிட வேண்டும். மதிப்பெண் போடும் நடுவர்களில் பேராசிரியர்களோடு, சரிந்த சுரங்கத்துக்குள் போய் வந்தவர்கள் இருவராவது இருக்க வேண்டும்.

தங்கவயலில் என்னோடு மீட்புக் குழுவில் இருந்தவர்களில் இப்போது எங்கள் தெருவில் மூன்று பேர் மிஞ்சியிருக்கிறோம். எல்லோருக்கும் வயது எழுபதை நெருங்குகிறது. எந்தக் கிளையில் முதலில் நுழைவோம், எதைக் கேட்டால் திரும்புவோம், சாக்கட்டி எழுத்தை எந்த உயரத்தில் எழுதினால் புகையிலும் கண்ணில் படும் என்பதெல்லாம் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்கள் யாரேனும் நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்கார்ந்து சொல்ல நாங்கள் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி,
கோலார் தங்கவயல்.