பந்தியில் வந்து உட்காருங்கள்

பெருமதிப்பிற்குரிய அரசு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் சத்துணவு அமைப்பாளராக 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அண்மையில் ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தபோது, பிள்ளைகள் சாப்பிடும் தாழ்வாரத்தின் சுவரில் ‘உணவு உண்ணும் ஒழுங்குமுறைகள்’ என்று புதிதாக எழுதியிருந்ததைக் கண்டேன். பேசாமல் சாப்பிட வேண்டும், சிந்தாமல் சாப்பிட வேண்டும், மீதம் வைக்கக் கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலுக்குக் கீழே, கையில் பிரம்புடன் ஓர் ஆசிரியர் நின்றபடி மேற்பார்வை செய்துகொண்டிருக்க, பிள்ளைகள் தலையைக் குனிந்து அள்ளி விழுங்கிக்கொண்டிருந்தார்கள். நோக்கம் நல்லதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சாப்பிடும் முறை சுவரைப் பார்த்து வருவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரைப் பார்த்தே வருகிறது என்பதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

வீட்டில் நாம் எப்படிக் கற்றோம் என்பதை எண்ணிப் பாருங்கள். எச்சில் கையால் கரண்டியைத் தொடாதே என்பதையும், பந்தியில் பக்கத்து இலைக்காரர் முடிக்குமுன் எழாதே என்பதையும், வேண்டாமென்றால் இலைக்கு மேலே கையை நீட்டித் தடுத்துப் ‘போதும்’ என்று சொல் என்பதையும் யாரும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பாட்டியோ அத்தையோ அருகில் இருந்தார்கள். அவர்கள் செய்ததை நாமும் செய்தோம். பெரியவர்கள் தொடங்குமுன் உண்ணாதே, அவர்கள் எழுமுன் எழாதே என்று சொல்லும் பழைய நீதிநூலான ஆசாரக்கோவை, விருந்தினருக்கும் மூத்தோருக்கும் பிள்ளைகளுக்கும் ஊண் கொடுத்த பிறகே ஒழுக்கம் தவறாதவர் உண்பர் என்றும் சொல்கிறது. பிள்ளைகளுக்கான கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு பெரியவர்களுக்கான கட்டளையை நாம் மறந்துவிட்டோம் போலும்.

பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பெரும்பாலும் அது சமையலறை வாசலில் நின்றபடி ஒரு வாய் எடுத்துப் பதிவேட்டில் கையெழுத்திடுவதோடு முடிந்துவிடுகிறது. என் வேண்டுகோள் அதற்கு அடுத்த படிதான்: நாளுக்கு ஓர் ஆசிரியர் முறைவைத்துப் பிள்ளைகளின் வரிசையிலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். சத்துணவுக் கணக்கில் சிக்கல் வருமென்றால் தங்கள் வீட்டுச் சாப்பாட்டையே கொண்டுவந்து அங்கே பிரிக்கட்டும். நான் பணியாற்றிய பள்ளியொன்றில் ஓர் ஆசிரியை இதைத் தாமாகவே செய்தார். அவர் சோற்றைப் பிசையும் விதத்தையும், வாயை மூடி மெல்லுவதையும், தட்டின் ஓரத்தில் ஒட்டிய பருக்கைகளை விரலால் வழித்தெடுப்பதையும் பார்த்துப் பார்த்து, ஒரு பருவம் முடிவதற்குள் அந்த வகுப்புப் பிள்ளைகள் சாப்பிட்டெழுந்த இடத்தைப் பெருக்கும் வேலை சமையல் உதவியாளருக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது.

மீதம் வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் பெரும்பகுதி பிள்ளைகளின் குற்றமன்று. 1-ஆம் வகுப்புப் பிள்ளைக்கும் 5-ஆம் வகுப்புப் பிள்ளைக்கும் கணக்கு ஒன்றேதான், தலைக்கு 100 கிராம் அரிசி. அதை ஒரே கரண்டியால் ஒரே தடவையில் தட்டில் கொட்டிவிட்டு, 5 வயதுக் குழந்தை பாதியை மீதம் வைத்ததென்று திட்டுவது நியாயமாகாது. முதலில் பாதி அளவு போட்டு, சிறிது நேரம் கழித்து மீண்டும் ஒரு சுற்று வாருங்கள். தன் பசி எவ்வளவு என்று பார்த்து, ‘இன்னும் கொஞ்சம் வேண்டும்’ என்றோ ‘போதும்’ என்றோ கூச்சமில்லாமல் கேட்கப் பழகும் பிள்ளை பிறகு எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் தடுமாறாது. இதற்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் மணியடித்தால் அள்ளி விழுங்கத்தான் செய்வார்கள்.

கைகழுவுவதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அக்டோபர் 15 அன்று உலகக் கைகழுவும் தினத்துக்குப் புகைப்படம் எடுக்கும்போது இருக்கும் சோப்பும் தண்ணீரும் மறுநாளும் இருந்தால் போதும். இயல்பிலேயே இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையின் கையில் தட்டுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். கழுவிய கை எதுவானாலும் அது சாப்பிடும் கைதான்.

இவையெல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. என் பணிக்காலத்தில், சமைப்பவர் இன்ன சாதி என்று தெரிந்ததும் தம் பிள்ளைகள் இனி இங்கே சாப்பிட மாட்டார்கள் என்று சொன்ன பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட வருத்தமானது, யாரும் சொல்லாமலே பிள்ளைகள் தெருவாரியாகக் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்துகொண்டதும், அதை ஆசிரியர்கள் கண்டும் காணாதிருந்ததும். எங்கள் மாவட்டத்துச் சேரன்மாதேவியில் 1920-களில் ஒரு குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவிட்டதால் மூண்ட எதிர்ப்பு தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கியது. அடுத்தவரோடு தோள் உரச உட்கார்ந்து சாப்பிட முடியாத பிள்ளை, சிந்தாமல் சிதறாமல் உண்டாலும் அதை நல்ல பழக்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வருகைப் பதிவேட்டு வரிசைப்படியோ, ஒவ்வொரு வாரமும் இடம் மாற்றியோ உட்கார வையுங்கள். மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரும் மாதம் ஒருநாள் வந்து, சமையலர் கையால் வாங்கி அந்த வரிசையிலேயே சாப்பிடட்டும். தம் தாயோ தகப்பனோ அப்படி உண்பதைப் பார்த்த பிள்ளை மறுநாள் இடம் பார்த்து உட்காராது.

முதல் நாளில் பிள்ளைகள் வெட்கப்படுவார்கள், சாப்பிடாமல் உங்கள் தட்டையே வேடிக்கை பார்ப்பார்கள். பக்கத்திலிருக்கும் பிள்ளையிடம் உங்கள் பொரியலில் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். மீதி எப்படிப் போகும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
திருநெல்வேலி மாவட்டம்