கோவையிலிருந்து ஜோர்ஹாட் மூன்றரை மணி நேரமாம்!

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் நேரமும் கணக்குப் போட்டுச் சொல்லும் இணையதளக்காரர்களுக்கு,

வணக்கம். குன்னூரிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு அசாமில் ஜோர்ஹாட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. ஒரு தேயிலை மலையில் பிறந்தவள் இன்னொரு தேயிலை நாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

உங்கள் தளத்தில் கோவை, ஜோர்ஹாட் என்று தட்டினால் 2,500 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம் சொச்சம் என்று வருகிறது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "காலையில இட்லி சாப்பிட்டுக் கிளம்பினா சாயங்காலம் டீக்கு வந்துடுவோம்டி" என்று மகளிடம் போனில் சொல்லிவிட்டாள்.

வீட்டை விட்டு இறங்கியது ராத்திரி 2 மணிக்கு. பர்லியாறு வளைவுகள், மேட்டுப்பாளையம், பீளமேடு விமான நிலையம். அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து கொல்கத்தா. நாங்கள் இறங்குவதற்குள் அன்றைய ஜோர்ஹாட் விமானம் போய்விட்டது. விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் மதியம் 12 மணிக்கு மகளைப் பார்த்தோம். மொத்தம் 34 மணி நேரம். அதில் வானத்தில் பறந்தது ஐந்து மணி நேரம்கூட இருக்காது. அவளுக்கென்று வாங்கிப்போன மொறுமொறு ஊட்டி வர்க்கி பிஸ்கட்டைப் பிரித்தால், தூளாகிக் கரண்டியால் அள்ள வேண்டியிருந்தது. "விடும்மா, டீயில போட்டுக் குடிச்சுக்கலாம்" என்றாள்.

தூரத்தில் உங்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கோவை–சென்னை, சென்னை–கொல்கத்தா, கொல்கத்தா–ஜோர்ஹாட் மூன்றையும் நேர்கோட்டில் கூட்டிப் பார்த்தேன்; உங்கள் 2,500-ஐவிடச் சில பத்து கிலோமீட்டர்தான் அதிகம். வம்பு நேரத்தில்தான். தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் நீங்கள் சொல்லும் நேரம் அப்படியே வருகிறது. அந்த நேரத்தில் போக நேரடி விமானம் ஒன்று வேண்டாமா? இந்த இரண்டு ஊருக்கும் நடுவே அப்படி எதுவும் இல்லை. இல்லாத விமானத்துக்கு எதற்குப் பயண நேரம்?

கிலோமீட்டரை வைத்து நேரம் சொன்னால் மலைக்காரர்கள் சிரிப்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர்தான். ஏறிவர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். அதையெல்லாம் நீங்கள் கணக்கில் எடுக்க முடியாது, புரிகிறது. (அங்கே போனால் கடிகாரமும் வேறு. சீக்கிரம் விடிந்துவிடுவதால் அசாம் தோட்டங்களில் 'பாகான் டைம்' என்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு 12 மணி, மகளின் தோட்டத்துக்கு 1.)

நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கு அந்த மூன்றரை மணி நேரத்தை எடுத்துவிடுங்கள். 'நேரடி விமானம் கிடையாது, இத்தனை இடத்தில் மாற வேண்டும்' என்று அதே பெரிய எழுத்தில் போடுங்கள். அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துச் சொன்னால், எங்கே ராத் தங்குவது என்றாவது முன்கூட்டியே யோசிப்போம்.

சித்திரையில் மறுபடி கிளம்புகிறோம். இந்தத் தடவை வர்க்கிக்கு எவர்சில்வர் டப்பா.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து ஓர் அப்பா