எங்கள் பள்ளித் திண்ணையில் காலையில் உட்கார்ந்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். செய்யாறு பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியாக இருக்கிறேன். நாலாவது, ஐந்தாவது வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் இப்போது பாடத்தில் ஒரு பக்கமாவது தாங்களே படிக்கிறார்கள். ஐந்தாவது பிள்ளைகள் பள்ளியை விட்டுக் கிளம்பும் நேரம் வந்துவிட்டது, அதற்குள் சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று டீச்சர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், அதனால் யார் யார் என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

முதல் நன்றி நாலாம் வகுப்பு டீச்சருக்கு. "உங்க பிள்ளை படிக்கவே மாட்டேங்குது" என்று ஒரே வரியில் முடிக்காமல், எந்த இடத்தில் சிக்குகிறது என்று எங்களை உட்காரவைத்துக் காட்டியவர் அவர். ஒரு பையன் 'கொக்கு' என்பதைப் பார்த்து "கெ... கா... க்கு" என்றான். வீட்டில் மக்கு என்று பேர் வாங்கியவன். டீச்சர் சொன்னார், "இவனுக்கு எழுத்தெல்லாம் தெரியும். முன்னாடி ஒற்றைக்கொம்பு, பின்னாடி துணைக்கால், ரெண்டும் சேர்ந்து ஒரே சத்தம்னு மட்டும் இன்னும் பிடிபடல." அவ்வளவுதான் விஷயம். கொ, கோ, பொ, போ என்று அந்த ஒன்றை மட்டும் எடுத்து விளையாட்டு மாதிரி பழக்கினார்.

இந்தப் பிள்ளைகள் மேல் கோபப்படுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 2021ல் இவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது கொரோனாவால் நவம்பர் 1 வரை பள்ளியே திறக்கவில்லை, திறந்ததும் ஜனவரியில் மறுபடி மூடினார்கள். அ, ஆ எழுதிப் பழக வேண்டிய வயதில் வீட்டில் இருந்த போன் ஒன்றுதான், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அப்புறம் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்து அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பாடம் நடந்ததில் நிறையப் பேர் தேறினார்கள். சிலர் தேறவில்லை. அந்தச் சிலருக்காகத்தான் இவ்வளவு பேர் கூடினோம்.

எங்கள் ஊர் அம்மாக்களில் பாதிப் பேருக்கு ஷூ கம்பெனி வேலை, விடிவதற்குள் பஸ் வந்துவிடும். பிள்ளைகள் காலை உணவுக்குச் சீக்கிரமே பள்ளிக்கு வந்துவிடுவார்கள். சாப்பிட்டு முடித்துப் பிரேயர் மணி அடிக்கும்வரை சும்மா ஓடிக்கொண்டிருந்த அந்த நேரத்தைப் படிப்புக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டவர் சமையல் செய்யும் மகளிர் குழு அக்கா. டீச்சர் இல்லை, நான் இல்லை, அந்த அக்கா! புதன்கிழமை பொங்கல் கிளறிக்கொண்டே ஒருத்தி வாசிப்பதைக் காதில் வாங்கி, "அங்க ஒரு வரிய விட்டுட்டடி" என்று அவர் சொன்னதை நானே கேட்டேன். தலைமையாசிரியர் சார் உடனே திண்ணையைக் கூட்டிப் பாய் போட்டுக் கொடுத்தார். வேலைக்குத் தாமதமாகப் போகும் பெற்றோர் முறைவைத்து வந்து உட்கார்ந்தார்கள், அதில் இரண்டு அப்பாக்களும் உண்டு, அவர்களுக்குத் தனி வணக்கம்.

அடுத்தது படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும். "எனக்கே கைநாட்டு, நான் எதச் சொல்லித் தர்றது" என்று கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் டீச்சர் கேட்டது ஒன்றுதான். "பிள்ளை விரல் வச்சுப் படிக்கட்டும், விரல் எங்க நிக்குதோ அங்க பென்சில்ல ஒரு புள்ளி வையுங்க, திட்டாதீங்க." ராத்திரி கம்பெனி அலுப்போடு பாத்திரம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து புள்ளி வைத்தீர்களே, காலையில் அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் அன்றைக்கு எதைப் பழக்குவது என்று டீச்சர் முடிவு செய்தார். ஒரு பாட்டி வைத்த புள்ளிகள் சாமந்தி விதை அளவு இருக்கும், எழுத்தே மறைந்துவிடும், பரவாயில்லை.

கணக்குக்கு ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்த தாத்தாவுக்கு நன்றி. கடன் வாங்கிக் கழித்தல் என்றால் அழுத பிள்ளைகள் கட்டைப் பிரித்துப் பிரித்துப் புரிந்துகொண்டார்கள். வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்பாசிரியருக்கும் நன்றி, ஒரு பிள்ளைக்கு எங்கள் முறை எதுவும் சரிவராது, வேறு மாதிரி சொல்லித் தர வேண்டும் என்று அவர்தான் கண்டுபிடித்தார். இன்னொரு பெண்ணுக்குக் கோளாறு படிப்பில் இல்லை, கண்ணில். கண்ணாடி போட்டதும் கரும்பலகை தெரிந்தது, சரியாகிவிட்டது. அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போன சத்துணவு ஆயாவுக்கும் நன்றி.

கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டு டீ குடித்துப் போகும் குழுவாக அது ஆகிவிடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் அப்படி ஆகவிடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு, முக்கியமாக என்னோடு சண்டை போட்டவர்களுக்கு, மனமார்ந்த நன்றி.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஐந்தாவது முடிக்கும் பிள்ளைகளின் புள்ளி வைத்த புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள். ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது அங்குள்ள ஆசிரியரிடம் காட்டுவதாகச் சார் சொல்லியிருக்கிறார். அவரோடு நானும் போகிறேன், இன்னும் இரண்டு பெற்றோர் வந்தால் நன்றாக இருக்கும். கம்பெனி லீவு நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.