பொங்கலுக்கு வரும்போது மார்க் கேட்காதே

அன்புள்ள அம்முவுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அதனால் "சரி சரி" என்று வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினால் உனக்கு முன்னால் அவன் கேட்டுவிடுவான். அதனால்தான் பேப்பரில் எழுதி, உன் சிநேகிதிக்குத் தைத்த சுடிதாரோடு மடித்து வைத்து கூரியரில் அனுப்புகிறேன்.

"பிளஸ் டூ படிக்கிற பையனை அரையாண்டு லீவில் கிரிக்கெட் ஆட விட்டிருக்கியே" என்றாய். ஆமாம், விட்டிருக்கிறேன். காலையில் பால் வாங்கி வைத்துவிட்டுப் போனால் வெயில் ஏறினதும்தான் வருகிறான். சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான். சாயங்காலம் கணக்கு போடுகிறான், ராத்திரி கெமிஸ்ட்ரி. ஜனவரியில் திருப்புதல் தேர்வு தொடங்கிவிட்டால் மார்ச்சில் பொதுத்தேர்வு முடிகிற வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அரசாங்கமே கொடுத்த லீவை நாம் எதற்குப் பிடுங்க வேண்டும்?

லீவில் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கக் கூடாது என்று கல்வித்துறை வருஷா வருஷம் சொல்கிறது. ஸ்கூல் குரூப்பில் "விருப்பமுள்ள மாணவர்கள் வரலாம்" என்று மெசேஜ் வருகிறது. வராதவர்கள் பெயர் மட்டும் தனியாகக் குறிக்கப்படும். அப்பா போய், மூன்று நாள் காலையில் மட்டும் அனுப்புகிறோம் என்று டீச்சரிடம் பேசிவிட்டு வந்தார். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்களே.

உன்னையும் அவனையும் ஒரே தராசில் வைக்காதே அம்மு. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தபோது நீதான் முதல் பேட்ச், 2018 மார்ச். கேள்வித்தாள் எப்படி வரும் என்று வாத்தியார்களுக்கே நிச்சயமில்லை. அடுத்த வருஷம் பிளஸ் டூவுக்கு மொத்த மார்க் 1200 போய் 600 ஆனது. நீ பயந்தாய். பயம் வந்தால் நீ விடிய விடியப் படிப்பாய், உனக்கு டீ போட்டுக்கொடுத்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அவனுக்குப் பயம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவான். அதே தேர்வை எழுதிய கடைசி பேட்ச் அவன். 2025 மார்ச்சில் எழுதி முடித்தான், ஆகஸ்ட்டில் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது இனிமேல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு கிடையாது என்று அறிவித்தார்கள். "எங்கள வச்சு செஞ்சுட்டு எடுத்துட்டாங்கம்மா" என்று இரண்டு நாள் புலம்பினான்.

அப்பா ஒரு பக்கம் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கிறார். கணக்குக்கு நூறு, பிசிக்ஸுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் ஐம்பது ஐம்பது, மொத்தம் 200க்கு இன்ஜினியரிங் கட்ஆஃப் என்ன வரும் என்று. அரையாண்டு பேப்பரே இன்னும் திருத்தித் தரவில்லை. நீ கவுன்சலிங்குக்குக் காலேஜ் பட்டியல் எழுதிய நோட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறார். அதற்கப்புறம் கோர்ஸ் பெயரெல்லாம் எவ்வளவோ மாறிவிட்டது என்று அவரிடம் யார் சொல்வது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கும் ஃபால்ஸ் தைத்துக்கொண்டோ ஹூக் கட்டிக்கொண்டோ இருப்பேன். அந்த நேரத்தில்தான் இவன் வந்து மெஷின் பக்கத்தில் தரையில் உட்காருவான். பகலில் முகத்தைப் பார்த்து "என்னடா ஆச்சு" என்றால் "ஒண்ணுமில்லம்மா"தான். என் கண் ஊசியில் இருந்தால் தானாகப் பேசுவான். போன வாரம் பாபினுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டே, "இன்ஜினியரிங் வேணாம்னு தோணுதும்மா, மாநிலக் கல்லூரில ஜியாகிரபி படிக்கட்டுமா" என்றான். என் கை நிற்கப் பார்த்தது. நிறுத்தவில்லை. கை நின்றால் அவன் பேச்சும் நின்றுவிடும். "அதைப் படிச்சவங்க எங்க வேலை பார்க்கிறாங்க?" என்று மட்டும் கேட்டேன். நுங்கம்பாக்கம் வானிலை மையம் என்றான். "விசாரிச்சுட்டு சொல்லு" என்றேன். இரண்டு நாள் கழித்து அவனே வந்து, "அந்த வேலைக்கு பிசிக்ஸ்தான்மா கேக்கிறாங்க" என்றான். அதிலிருந்து பிசிக்ஸ் புத்தகம் கொஞ்சம் அதிக நேரம் திறந்திருக்கிறது. நாளைக்கே மாறலாம், பதினேழு வயசு.

இந்த மழைப் பைத்தியம் மிக்ஜாம் புயலிலிருந்து வந்தது. 2023 டிசம்பரில் நம் தெருவில் தண்ணீர் நின்று, கரண்ட் போய், அரையாண்டுப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்களே, அப்போது அவன் பத்தாவது. அன்றிலிருந்து நுங்கம்பாக்கத்தில் எத்தனை மில்லிமீட்டர், மீனம்பாக்கத்தில் எத்தனை என்று பழைய டைரியில் எழுதி வருகிறான். இந்த டிசம்பர் தொடக்கத்தில் டிட்வா புயல் மழை வந்தபோது, கலெக்டர் அறிவிப்பதற்கு முன்னாலேயே தெருப் பிள்ளைகளுக்கு இவன் லீவு விட்டுவிட்டான்.

வீட்டுச் சட்டமெல்லாம் இருக்கிறது, கவலைப்படாதே. பத்தரைக்கு போன் ஃபிரிட்ஜ் மேலே. அப்பா போனும் அங்கேதான், அதனால்தான் அந்தச் சட்டம் நிற்கிறது. கிறிஸ்துமஸ் அன்று கூட்டாளிகளோடு 29சி பஸ் ஏறி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனான். ஏறும்போதும் இறங்கும்போதும் போன் பண்ண வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது பண்ணினான், திரும்பும்போது மறந்துவிட்டான். வந்ததும் திட்டினேன், அப்புறம் சோறு போட்டேன்.

சித்தி வந்தால்தான் வம்பு. மாநில ரேங்க் அறிவிப்பதை 2017லேயே நிறுத்திவிட்டார்கள், சித்தி ரேங்க் கேட்பதை இன்னும் நிறுத்தவில்லை. அவள் வந்த அன்றைக்கு அவனை ரேஷன் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

நீ கிராஷ் கோர்ஸுக்குப் பணம் அனுப்புகிறேன் என்றாய். வேண்டாம். நல்ல மனசோடுதான் சொல்கிறாய், தெரியும். இப்போது புதிதாக ஒரு வாத்தியார், புதிதாக ஒரு நோட்ஸ் என்றால் அவன் ஃபேனைப் பார்க்கத் தொடங்கிவிடுவான். பொங்கலுக்கு வரும்போது நந்தனம் புத்தகக் காட்சிக்குக் கூட்டிப்போ. லிஸ்ட் போட்டு வைத்திருக்கிறான். ஆயிரம் ரூபாய்க்குள் முடித்துக்கொள், உன்னை ஏமாற்றி இரண்டாயிரத்துக்கு இழுப்பான்.

ஆனால் ஒன்று. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அரையாண்டு எவ்வளவுடா" என்று ஆரம்பிக்காதே. ஜியாகிரபி விஷயத்தை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அவனாகவே உன்னிடம் சொல்வான், நீ என்றால் அவனுக்கு உயிர். சொல்லும்போது "பி.எஸ்சி.யா..." என்று இழுக்காதே, கேட்டுக்கொள். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. பொதுத்தேர்வு முடியட்டும், நான் பேசிக்கொள்கிறேன். அந்தக் கால்குலேட்டரை அதுவரைக்கும் அவரே வைத்துக்கொண்டிருக்கட்டும்.

சேரன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா? வெயிட்டிங் லிஸ்ட் என்றால் இப்போதே சொல், பஸ்ஸுக்கும் பார்த்து வைக்கிறேன். வரும்போது உன் அளவு ஜாக்கெட் ஒன்றை மறக்காமல் கொண்டு வா. தீபாவளிக்குத் தைத்தது கை இறுக்கம் என்றாய். பொங்கல் புடவைக்கு சரியாக வைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா