மெசலமைன் எடுத்துத் தரும் மருந்தாளுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருந்தாளுநர்களே,

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் எனும் பெருங்குடல் அழற்சி மெசலமைன் மருந்தால் கட்டுக்குள் வந்தபின், மருத்துவர் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் நோயாளியைப் பார்க்கிறார். மாதாமாதம் பார்ப்பவர் நீங்கள். “இப்போ ரத்தம் போறதில்ல, மாத்திரைய விட்டுட்டேன்” என்ற பேச்சு உங்கள் கடையில்தான் முதலில் காதில் விழும். ரத்தம் நின்றதே மாத்திரையால்தான் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் அடங்கியிருந்தவர்களில் சீட்டில் எழுதிய மெசலமைன் அளவில் 80 சதவீதத்துக்கும் குறைவாக எடுத்தவர்களுக்கு அது திரும்பும் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது.

அதைவிட எங்களை அதிகம் உறுத்துவது பிராண்டு மாற்றம். சீட்டில் 1.2 கிராம் மாத்திரை இரண்டு, அதாவது நாளுக்கு 2.4 கிராம். கடையில் அது இல்லை, 400 மில்லிகிராம் கைமாறுகிறது. வீட்டில் பழக்கப்படி இரண்டே மாத்திரை. உள்ளே போவது 800 மில்லிகிராம்! ஆறு போட்டிருக்க வேண்டும். மருந்து தவறாமல் சாப்பிட்டும் நோய் திரும்பியது என்று அவர் நம்புவார். விலை குறைந்த பிராண்டு கொடுப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை, அதனால்தான் பலரால் தொடரவே முடிகிறது. ஆனால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், புதிய எண்ணிக்கையை உறையில் பெரிதாக எழுதுங்கள். நாளுக்கு ஒரே வேளையாகப் போடலாமா என்றும் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் போடலாம், மறதியும் குறையும்.

மாத்திரையை உடைத்துப் பொடிக்கச் சொல்லாதீர்கள். பலவற்றின் மேற்பூச்சு சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் கரையும். உடைத்தால் மருந்து முன்னதாகவே உறிஞ்சப்பட்டு, புண் இருக்கும் இடத்துக்குக் குறைவாகவே போய்ச் சேரும். விழுங்க முடியாதவர்களுக்குக் குருணை பாக்கெட் உண்டு.

மெசலமைன் எனிமாவை, அதாவது ஆசனவாய் வழியே செலுத்தும் திரவ மருந்தை, பாதியில் விடுகிறவர்கள் அதிகம், காரணம் உடனே வெளியேறிவிடுகிறது. மலம் கழித்தபின், படுக்கப்போகும் நேரத்தில், குப்பியை நன்றாகக் குலுக்கி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து மெல்ல அழுத்த வேண்டும். அரை மணி நேரமாவது அப்படியே கிடந்தால் விடியும்வரை தங்க வாய்ப்புண்டு.

பழைய சீட்டைக் காட்டி பிரெட்னிசோலோன் எனும் ஸ்டீராய்டு மாத்திரை கேட்டால் தராதீர்கள். அது நோயை அடக்க மட்டும்; தொடர்ந்து போட ஆகாது, திடீரென நிறுத்தவும் கூடாது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டால், அந்த வலிமருந்து குடல் அழற்சியைக் கிளறக்கூடும் என்பதால், பாராசிட்டமால் கொடுத்து, மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குடல்நோய்ப் பிரிவுகளில் பணிபுரியும் செவிலியர்களும் மருந்தாளுநர்களும்